கொழுகொம்பா, போர்வையா?

 

மார்கழி பிறந்ததிலிருந்து நம்ம குழுவில் ரெண்டு கேள்வி ஓடிக்கிட்டிருக்கு. ஒண்ணு, தண்டலத்து அம்மா ஒருத்தர் போட்டது. மொட்டை மாடியில் வைத்த வெற்றிலைக்கொடி பனியில் சுருங்குகிறது, காற்றில் இலை கிழிகிறது, எப்படிக் காப்பாத்துறது? இன்னொண்ணு பாதயாத்திரை ஏற்பாட்டுக் கூட்டத்தில் எழுந்தது. தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி வல்லக்கோட்டைக்கு நடக்கும்போது லேடீஸ் ஹாஸ்டல் பிள்ளைகளையும் சேர்த்துக்கலாமா, வேண்டாமா?

முதல் கேள்விக்குப் பதினேழு பேர் பதில் போட்டீங்க. ரெண்டாவதை குருசாமி அங்கேயே முடிச்சுட்டார். "வேண்டாம்மா. ராத்திரி நடை. பனி. சின்னப் பிள்ளைங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

எனக்கு ரெண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. துண்டு துண்டாகப் போட்டால் இடையில் காலை வணக்கப் படங்கள் வந்து மூடிவிடும் என்பதால் மொத்தமாக எழுதுகிறேன். நீளம்தான். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்காரும்போது படியுங்கள்.

முதலில் கொடி.

வெற்றிலைக்குக் குளிர் ஆகாது என்பது உண்மை. தென்கிழக்கு ஆசியாவின் ஈரக்காட்டுக் கொடி அது, மிளகுக்கு நெருங்கிய சொந்தம். வெதுவெதுப்பும் ஈரமும் பாதி நிழலும் இருந்தால் ஓடும். 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை உதிர்ந்து பட்டுப்போகும். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் அவ்வளவு குளிர் எந்த மார்கழியில் வந்தது? இங்கே விடியக்காலையில் 20 டிகிரிக்கு முன்னே பின்னே இருக்கும். அந்தக் குளிரில் கொடி ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும், புது இலை சிறுத்து வரும், சாகாது. இங்கே அதை அதிகம் படுத்துவது காற்று. செம்பரம்பாக்கம் ஏரி நமக்குக் கிழக்கே விரிந்து கிடக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வடகிழக்கிலிருந்து வருகிற காற்றுக்கு அந்தத் தண்ணீருக்கு மேலே தடுப்பே கிடையாது. நேரே வந்து நம்ம மாடியில் மோதுகிறது. இலையில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி ஓரத்தைக் கருக்கிவிடுகிறது.

காற்றுக்கு நம்ம பெரியவர்கள் திசைக்கொரு பெயர் வைத்தார்கள். தெற்கே தென்றல், மேற்கே கோடை, கிழக்கே கொண்டல், வடக்கே வாடை. வாடைக் காலத்தை வைத்து 188 அடியில் ஒரு பாட்டே இருக்கிறது, நெடுநல்வாடை. பாடியவர் நக்கீரர். திருமுருகாற்றுப்படையும் நக்கீரர் பெயரில்தான் நிற்கிறது. (ரெண்டு நக்கீரரும் ஒருத்தரா என்று புலவர்கள் சண்டை போடுவார்கள். நாம் அதில் தலையிட வேண்டாம்.) வல்லக்கோட்டையை அருணகிரிநாதர் கோடைநகர் என்றே பாடினார். கோடைநகருக்கு வாடையில் நடக்கப்போகிறோம் என்று எங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் தவறாமல் இந்த ஜோக்கைச் சொல்வார்.

தண்டலத்து அம்மாவுக்கு வந்த பதினேழு பதிலில் பன்னிரண்டு, "மூடுங்க" என்றுதான் சொன்னது. பாலிதீன் கவர் போட்டு மூடுங்க, அட்டைப்பெட்டி கவிழ்த்துங்க, தகரம் அடிங்க, வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து வைங்க. அக்கறையில்தான் சொன்னீங்க, சந்தேகமில்லை. ஆனால் பாலிதீனுக்குள்ளே பகல் பத்து மணிக்குக் கையை விட்டுப் பாருங்கள். வேர்த்துக்கொட்டும். இலை மூச்சுவிட்ட ஈரம் வெளியே போக வழியில்லாமல் இலை மேலேயே நிற்கும். அந்த ஈரத்தில் கரும்புள்ளி விழும், அடித்தண்டு அழுகும். வாடையில் நாலு இலை போகிற இடத்தில், கவருக்குள் கொடியே போய்விடும்.

எங்க அம்மா பிறந்த ஊர் ஆத்தூர். சேலத்து ஆத்தூர் இல்லை, திருச்செந்தூர் பக்கத்து ஆத்தூர், தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர். அந்த வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்க குடும்பத்து குரூப்பில் இனிப்புப் படமாக வந்து குவிந்தது. சின்ன வயசில் லீவுக்குப் போனால் கொடிக்காலுக்குள்தான் ஓடுவோம். செருப்பை வெளியே கழட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழையணும், கோயில் மாதிரி.

கொடிக்காலில் முதலில் வருவது வெற்றிலை கிடையாது. அகத்திதான். அகத்தியை விதைத்து, அது தழைத்து நின்ற பிறகுதான் அதன் காலடியில் கொடியை வைப்பார்கள். ஓரத்தில் வாழை நிற்கும். கொடி ஏற ஏறப் பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை வாழைநாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டணும். அதுக்குன்னே ஆள் இருக்கிறது. சாணுக்கு ஒரு கட்டு, விரல் நுழைகிற தளர்ச்சியில். இறுக்கினால் தண்டு பெருக்கும்போது நார் அறுத்துவிடும். அகத்தி வானத்துக்குப் போகாமல் நாலு மீட்டரில் தலையைக் கிள்ளி நிறுத்துவார்கள். குளிர் மாசத்தில் அதன் கிளையைக் கழித்து வெயிலை உள்ளே விடுவார்கள். சித்திரை வெயிலில் கழிக்காமல் விட்டு நிழல் வைப்பார்கள். கழித்த தழை ஆட்டுக்குப் போகும்.

இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்திலேயே காற்றுக்கும் குளிருக்கும் கூச்சப்படுகிற கொடிகளில் வெற்றிலை ஒன்று. அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பவில்லை. பக்கத்தில் உயிருள்ள ஒன்றை நட்டார்கள். காற்று வந்தால் அகத்தியும் ஆடும், அதோடு சேர்ந்து கொடியும் ஆடும்.

சுவர் ஏன் உதவாது என்பதற்கு விவசாயப் படிப்பிலும் விளக்கம் இருக்கிறது. காற்றை முழுசாகத் தடுத்தால் அது மேலே ஏறிக் குதித்து, சுவருக்குப் பின்னால் சுழன்று அடிக்கும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கிற வேலிதான் ரொம்ப தூரத்துக்குக் காற்றைச் சாந்தப்படுத்தும். அதனால்தான் மரவரிசை, தட்டி, வலை எல்லாம் கருங்கல் சுவரை விட நல்ல காற்றுத்தடுப்பு.

நம்ம ஊரில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீங்க. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்க தெருவில் ஒருத்தர் முல்லைப் பந்தலைச் சுற்றி மூணு பக்கமும் தகரம் அடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். அவர் கொடி மேல் வைத்த பாசத்தைக் குறை சொல்ல முடியாது, வீட்டை விட அதைத்தான் கவனித்தார். அந்தத் தகரம் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி ஆகிவிட்டது. பந்தலோடு, கொடியோடு பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் போட்டது. கம்பெனிச் சுவரோரம் சீமைக்கருவேலத்தில் யாரும் கவனிக்காமல் படர்ந்திருந்த கோவைக்கொடி மறுநாள் காலையில் இலையெல்லாம் கிழிந்து அங்கேயே நின்றது. தை மாசம் பழம் கூட விட்டது.

கோவைக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று இங்கிலாந்து வேலிகளில் படர்கிறது, பிரையோனியா என்று பெயர். டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி 1865-இல் ஒரு நீண்ட ஆராய்ச்சி எழுதினார். அதற்காகப் பெருங்காற்று அடிக்கும் நேரத்தில் வேண்டுமென்றே வெளியே போய் இந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சுற்றிலும் கிளைகள் அடிபடுகின்றன, கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பற்றுக்கம்பி ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருப்பதால், காற்று இழுக்கும்போது நீண்டு கொடுத்து, விட்டதும் பழையபடி சுருங்கிக்கொள்கிறது. பாகல், புடல் வளர்க்கிறவர்கள் தினம் பார்க்கிற சுருள்தான். அதே பிரையோனியாவை வைத்து ஜாஃபி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1973-இல் இன்னொன்று கண்டுபிடித்தார். தண்டைத் தொடர்ந்து விரலால் தேய்த்துக்கொண்டே வந்தால் அது நெட்டையாக ஓடுவதைக் குறைத்துக்கொள்கிறது. தொடுகையும் அசைவும் செடியின் வளர்ச்சியையே மாற்றிவிடும் என்று பிறகு பலரும் காட்டினார்கள். காற்றில் ஆடி வளர்ந்த செடி குட்டையாக, தடிப்பாக, உறுதியாக வருகிறது. நர்சரிக்காரர்கள் இதைப் படிக்காமலே செய்கிறார்கள். நிழல்வலைக்குள் இருந்த நாற்றை ஒரேயடியாக வெளியே வைக்க மாட்டார்கள், ஒரு வாரம் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள்.

ஆகவே தண்டலத்து அம்மா, தொட்டியை மேற்குச் சுவர் ஓரம் நகர்த்துங்கள், பகல் வெயிலில் சூடான சுவர் ராத்திரி கொஞ்ச நேரம் கொடிக்கு இதமாக இருக்கும். ஏரிப் பக்கம் மட்டும் ஒரு கை தூரம் தள்ளிப் பச்சை வலை கட்டுங்கள். வேர்மேல் காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். தண்ணீர் காலை ஒன்பது மணிக்கு, சாயங்காலம் வேண்டாம். உரம் இந்த ரெண்டு மாசம் போட வேண்டாம், போட்டால் வருகிற பிஞ்சு இலைதான் முதலில் கருகும். புயல் அறிவித்தால் மட்டும் ராத்திரிக்குத் துணி போர்த்தி, விடிந்ததும் எடுத்துவிடுங்கள். எடுத்துவிடுங்கள் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இனி ரெண்டாவது கேள்வி. அதற்குப் பழனி வழியாகப் போகணும்.

பழனிக்கு அந்தக் காலத்துப் பெயர் பொதினி. அதை ஆண்டது ஆவியர் குடி, திருவாவினன்குடி என்ற பெயரில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குடியில் வந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மழைக்காலத்தில் மயில் ஒன்று அகவியதைக் கேட்டு, குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். இன்னொரு பக்கம் பறம்பு மலை, இன்றைய பிரான்மலை. அங்கே பாரி, பற்ற ஒன்றும் இல்லாமல் கிடந்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். ரெண்டு பேரும் கடையெழு வள்ளல்கள். பள்ளிக்கூடத்தில் ரெண்டையும் ஒரே பாடத்தில், ஒரே மூச்சில் படித்தோம், வள்ளல் தன்மைக்கு எடுத்துக்காட்டு என்று.

எனக்கு ரெண்டும் ஒன்றில்லை என்று இப்போதுதான், கொடியோடு பழகப் பழகத் தோன்றுகிறது.

மயில் மேகத்தைக் கண்டு மகிழ்கிற பறவை. நம்ம அப்பனுடைய வாகனம், அதற்குத் தெரியாத மழையா? அதன் மேல் போர்வையைப் போட்டால் தோகையை எப்படி விரிக்கும்? பேகன் நல்லவன். ஆனால் குளிர்ந்தது அவனுக்கு. தன் உடம்பில் உணர்ந்ததை மயிலின் உடம்பில் ஏற்றிப் பார்த்தான். யாருக்குக் கொடுக்கிறோம், அவர்களுக்கு அது ஆகுமா என்று பார்க்காமல் கொடுப்பதற்குக் கொடைமடம் என்று பழைய புலவர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள். மடம் என்ற சொல்லை மறைக்காமலும் சொன்னார்கள்.

பாரி தேரைக் கொடுத்ததும் மடம்தானே, ஒரு குச்சி நட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கேட்கலாம். முல்லைக்குத் தேர் அதிகம்தான். ஆனால் அவன் கொடுத்தது கொழுகொம்பு. அதைப் பற்றுவதா வேண்டாமா, எந்தப் பக்கம் சுற்றுவது, எவ்வளவு உயரம் போவது எல்லாம் கொடியின் விருப்பம். மழையும் காற்றும் வெயிலும் அதன் மேல் அப்படியே படும். கொழுகொம்பு கொடுத்தவன் தன் வழியைப் பார்த்துக்கொண்டு நடந்து போய்விடலாம். போர்வை கொடுத்தவனால் அப்படிப் போக முடியாது. நழுவுகிறதா, சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கணும், கடைசியில் மயில் நகரக் கூடாது என்று சொல்ல வேண்டி வரும்.

பேகனைப் பற்றி இன்னொரு செய்தி. அவன் மனைவி பெயர் கண்ணகி (சிலம்புக் கண்ணகி வேறு). அவளைப் பிரிந்து வேறொரு பெண்ணின் ஊரில் அவன் இருந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு புலவர்கள் போய், பரிசு வேண்டாம், வீட்டுக்குப் போ என்று கேட்டிருக்கிறார்கள். புறநானூற்றில் அந்தப் பாட்டுகள் வரிசையாக இருக்கின்றன. மயிலின் நடுக்கம் தெரிந்தவனுக்கு அவள் அழுதது கேட்கவில்லை. மயில் எதையும் வாய்திறந்து கேட்கவில்லை, அதனால் அவன் நினைத்ததையே அதன் தேவையாக வைத்துக்கொள்ள முடிந்தது. கண்ணகிக்கு என்ன வேண்டும் என்பதையோ புலவர்கள் வாய்திறந்து கேட்டார்கள். கேட்கிற வாய் இருக்கிறவர்களுக்குக் கொடுப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

நம்ம வள்ளியம்மை கதையையும் இதோடு வைத்துப் பாருங்கள். வள்ளி என்றாலே கொடி. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்த குழந்தை. அந்தக் கொடிப்பிள்ளையை நம்பிராஜன் என்ன செய்தார்? வயசு வந்ததும் தினைப்புனத்தில் பரண் கட்டி, கையில் கவண் கொடுத்துக் காவலுக்கு உட்கார வைத்தார். காட்டில், காற்றில், பனியில். அவள் காக்கப்படுகிறவள் இல்லை, காக்கிறவள். ஊர் சாப்பிடுகிற தினை அவள் பொறுப்பில். அவளைத் தேடி வந்த அப்பன், வேடர்கள் வரும்போது என்ன உருவம் எடுத்தார்? வேங்கை மரம். கொடிக்குப் பக்கத்தில் மரம். புதுசாக ஒரு மரம் முளைத்திருக்கிறதே என்று வேடர்கள் வெட்டப் போக, நம்பிராஜன் வெட்ட விடவில்லை. வள்ளி கல்யாணம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடத்தில் ஆத்தூர்க் கொடிக்கால்தான் கண்ணில் வரும்.

அதே வள்ளியைத் தினை அறுப்பு முடிந்ததும் வீட்டுக்குள் வைத்தார்கள். அவள் உடம்பு வாடியது. தாய்மார் பதறினார்கள், தெய்வக் குற்றமோ என்று வெறியாட்டு வைத்தார்கள். பாசத்தில் ஒரு குறையும் கிடையாது. அவள் வாடியதற்குக் காரணம் என்ன என்று அவளிடம் கேட்பதைத் தவிர எல்லாம் செய்தார்கள்.

நம்ம ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் ஹாஸ்டல்களிலும் வாடகை வீடுகளிலும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பேர் தங்குகிற மாதிரி ஒரு விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது, வல்லக்கோட்டைக்குப் போகிற வழியிலேயே. தெற்கத்திப் பிள்ளைகள் நிறைய. அதில் ஒருத்தி ஏரல் பக்கம். கேன்டீனில் என்னோடு பேசிப் பழக்கம், நான் அங்கே கணக்கு எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை வெற்றிலை கேட்டு வீட்டுக்கு வந்தாள். மாடிக்கு வந்து கொடியைப் பார்த்ததும் இலையைக் கசக்கி முகர்ந்து, "அத்தை, இது எங்கூர் வெத்தலைல்லா!" என்றாள். முகமே மாறிவிட்டது. அவளுக்கு ஒரு வேண்டுதல். தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாக. லீவு கிடைக்கவில்லை. வல்லக்கோட்டைக்கு நடந்தாலும் அதே முருகன்தானே அத்தை என்று கேட்டாள். குருசாமி சொன்னதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, சிரித்தாள்.

"முதல் ஷிப்டுக்கு நாலு மணிக்கே ரோட்ல நிக்கோம். அப்ப பனி பெய்யலியா? நாங்க என்ன கரைஞ்சா போயிட்டோம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. குருசாமியிடமும் இருக்காது என்று நினைக்கிறேன். விடியக்காலை நாலு மணிக்குக் கம்பெனி பஸ் வரும்போது பனி யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போதும் வருவதில்லை. அந்தப் பிள்ளைகள் தனக்கென்று ஒன்று கேட்டால் மட்டும் பனி வந்துவிடுகிறது, இருட்டு வந்துவிடுகிறது, சின்னப் பிள்ளைங்க என்பதும் வந்துவிடுகிறது. 2021 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மார்கழி ரெண்டாம் தேதி ராத்திரி, இதே சென்னை–பெங்களூரு ரோட்டில் பிள்ளைகள் பெருங்கூட்டமாக உட்கார்ந்து விடிய விடியக் கேள்வி கேட்டார்கள். வாடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத்தான் நாம் கூச்சக்கொடி என்கிறோம்.

குருசாமியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் பயம் பொய்ப் பயமும் இல்லை. லாரி ஓடுகிற ரோடு. விளக்கில்லாத இடங்கள் இருக்கின்றன. குடித்துவிட்டு வருகிறவன் இருக்கிறான். ஏரல் பெண்ணின் அப்பா வார்டனுக்குப் போன் போட்டு எங்கேயும் அனுப்பாதீங்க என்று சொன்னதும் எனக்குத் தெரியும். அவர் அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேறென்ன செய்வார்? மூடித்தான் ஆக வேண்டிய இடமும் உண்டு. உத்தரப்பிரதேசத்தில் மஹோபா என்று ஓர் ஊர், அங்கத்தி தேசாவரி வெற்றிலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வாடை உண்மையிலேயே கொல்லும். அதனால் கொடி முழுக்க மூங்கிலும் புல்லும் வைத்த கொட்டகைக்குள்தான் வளர்கிறது. அந்தக் கொட்டகைக்கும் வெளிச்சம் வரும், காற்று நுழையும். தோட்டக்காரன் தினமும் உள்ளே போய்க் கொடியோடு நின்று வேலை பார்க்கிறான். மூடிவிட்டு வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு போவதில்லை.

"நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" இந்தக் கேள்வியைத்தான் நான் பல நாள் மனசில் போட்டு உருட்டினேன். இதில் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது எத்தனை பங்கு, நம்ம பேர் என்ன ஆகும் என்பது எத்தனை பங்கு? பதில் சொல்ல வேண்டி வருமோ என்ற நடுக்கம் நம்முடையது. அதற்கான போர்வையை அவர்கள் தலையில் போடுவது என்ன நியாயம்? பதில் சொல்லத் தயாராக இருக்கிறவர்கள் பக்கத்தில் நடந்தால் முடிந்தது. வேங்கை மரம் வேறென்ன செய்தது?

கொடிக்காலில் பங்குனி சித்திரையில் ஒரு வேலை நடக்கும், கொடி இறக்குறது என்று பெயர். ஒரு வருஷத்தில் மூணு மீட்டர் ஏறிய கொடிக்குத் தெம்பு குறைந்து இலை சிறுத்துவிடும். கட்டையெல்லாம் அவிழ்த்து, கொடியைத் தரைக்கு இறக்கிச் சுருட்டி மண்ணோடு படுக்க வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். பார்க்க வயிற்றைப் பிசையும். ஒரு வருஷம் கட்டிக் கட்டி ஏற்றியதைக் கீழே போடுகிறார்களே என்று நான் சின்னப் பிள்ளையில் அழுதிருக்கிறேன். அப்புறம் பார்த்தால் ஒவ்வொரு வளைவிலிருந்தும் புதுக்கொடி கிளம்பும், ஒண்ணு இருந்த இடத்தில் நாலு. வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் இறக்கி வைக்கப்பட்ட பிள்ளைகள் இந்த மண்ணில் எதைப் பற்றுவார்கள்? கோயில், பாதயாத்திரை, நம்ம பேச்சு, ஒரு வீட்டு மாடி, இதெல்லாம் தவிர நம்மிடம் கொடுக்க வேறென்ன கொம்பு இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் கேட்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் திடுக்கிட வேண்டாம். பிள்ளைகளை நடுவில் வைத்துச் சுற்றிக் கயிறு பிடிக்கிற வேலை வேண்டாம், அவர்கள் தங்கள் தோழிகளோடு எங்கே நடக்கப் பிரியமோ அங்கே நடக்கட்டும். முன்னால் ரெண்டு பேர், கடைசியில் ரெண்டு பேர், ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு பெண்களே நடக்கிறோம், நானும் எங்க தெரு அக்காவும் பின்னால் வருகிறோம். எங்க வீட்டுக்காரர் வேனை மெதுவாக ஓட்டி வருவார், கால் வலிக்கிறவர்கள் யாரும் ஏறலாம், ஏறு என்று யாரையும் சொல்லக் கூடாது. ஒரகடம் ரோட்டில் இருட்டான இடங்களுக்கு டார்ச் இருக்கிறது. வார்டன் அம்மாவிடமும் அப்பா அம்மாக்களிடமும் பேசுகிற பொறுப்பு என்னுடையது. ஏரல்காரரிடம் நேற்றே பேசிவிட்டேன். "ஆத்தூர்ப் பிள்ளையா நீங்க?" என்று கேட்டார், அம்மா வழி என்றேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். பட்டியலில் இதுவரை பன்னிரண்டு பேர் தங்கள் கையால் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டு பேருக்கு அன்றைக்கு ராத்திரி ஷிப்ட், மாற்றிக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். அந்த லைனில் வேலை பார்க்கிற அன்பர்கள் யாராவது குழுவில் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

வேலும் மயிலும் துணை.